பாமசியில் வாங்கும் முதலுதவிப் பெட்டி, வோட்டர் பார்க்கில் எவ்வளவு கைகொடுக்கும்?

ஏப்ரல் லீவோ ஓகஸ்ட் லீவோ வந்துவிட்டால் கொழும்புப் பிள்ளைகளின் வாயில் வருவது பெரும்பாலும் இரண்டு வோட்டர் பார்க்குகளின் பெயர்கள்: ஹன்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே. போவதற்கு முதல்நாள் பின்னேரம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசிக்குள் நுழைந்து, ரெடிமேட் முதலுதவிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பெற்றோருக்கு ஒரு தைரியம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு உதவும் என்பதை இங்கே பொருள் பொருளாகப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டி மோசமில்லை, ஆனால் அது அலுவலகச் சுவரில் மாட்டிவைக்க அடுக்கப்பட்டது. வளர்ந்தவர்களின் கைகால் அளவு, பக்கத்தில் பைப் தண்ணீர், அசையாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளி என்ற கணக்கில் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. நனைந்த உடம்போடு கத்தி அழுகிற ஐந்து வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு அதில் பாதி பயன்படாது. இருப்பதை வாங்கி, சிலதை எடுத்துவிட்டு, சிலதைச் சேர்த்தால் நல்ல பை ஒன்று கிடைக்கும். அதைவிட, அரச பாமசியான ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ தனித்தனியாக வாங்கி ஒரு சிப் பைக்குள் போடுவது இன்னும் நல்லது. செலவும் குறைவு.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது: கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி, துணியால் செய்த சிப் பை. இந்தப் பயணத்துக்குப் பெட்டியை எடுக்கவே வேண்டாம். அது கனமாக இருப்பதால் வேனிலேயே கிடக்கும், பிள்ளை விழுவதோ குளத்தின் ஓரத்தில். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் ப்ளாஸ்டரின் பசை இளகி, உறையைக் கிழிக்கும்போதே கையோடு வந்துவிடும். பனடோல் சிரப்புக்கும் அந்தச் சூடு ஆகாது. உடுப்புப் பைக்குள் அடங்கும் துணிப் பை என்றால் கூடவே வரும்.

உள்ளே அதிக இடத்தைப் பிடித்திருப்பது பஞ்சு. முதலில் வெளியே எடுக்க வேண்டியதும் அதுதான். தோல் உரிந்த இடத்தில் பஞ்சை வைத்தால் நார் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது பிள்ளைக்குக் காயத்தைவிடப் பெரிய வேதனை. அடுத்தது சேர்ஜிக்கல் ஸ்பிரிட். திறந்த காயத்தில் ஊற்றினால் நல்ல திசுவும் சேர்ந்து எரியும், காயம் ஆறுவதும் தாமதமாகும். ஒரு தரம் ஸ்பிரிட் பட்ட பிள்ளை அடுத்த முறை காயத்தைக் காட்டாமல் மறைத்துவிடும். அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. தண்ணீரில் கலக்காத டெட்டோலுக்கும் இதே பேச்சுத்தான்.

ப்ளாஸ்டர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும்: 72 மில்லிமீற்றர் நீளம், 19 மில்லிமீற்றர் அகலம். விரல் வெட்டுக்கு அது அளவானது. முழங்கால், முழங்கை சிராய்ப்புக்குப் போதாது, பசைப்பகுதியே காயத்தின் மேல் விழும். துணி ப்ளாஸ்டர் தண்ணீருக்குள் சில நிமிடங்கூட நிற்காது. நனைந்த ப்ளாஸ்டரை அப்படியே விட்டால் தோல் ஊறி வெளுத்துவிடும். அதனால் நனைந்ததைக் கழற்றி, துடைத்து, புதிதாகப் போட வேண்டும்.

கோஸ் துண்டுகள் தேவை. 10 சென்ரிமீற்றர் சதுரத்தில் தனித்தனி உறைகளில் கிருமிநீக்கியது என்று போட்டிருந்தால் வைத்திருங்கள். இரத்தத்தை நிறுத்த அழுத்துவதற்கு அதுதான் சரி. ஆனால் ஈரம் கசியும் சிராய்ப்பின் மேல் நேரடியாக வைத்துக் கட்டினால், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்து ஒட்டிவிடும். பெட்டியில் பெரும்பாலும் இல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய பொருள் பரஃபின் பூசிய கோஸ். அது கிடைக்காவிட்டால் வாசலின் மெல்லிதாகப் பூசி அதன்மேல் சாதாரண கோஸ் வைக்கலாம்.

கிரேப் பண்டேஜ் 10 அல்லது 15 சென்ரிமீற்றர் அகலத்தில் வரும். பெரியவரின் முழங்காலுக்கு அது சரி. பிள்ளையின் கணுக்காலில் சுற்றினால் மடிப்பு விழுந்து ஓர் இடத்தில் இறுகும், இன்னோர் இடத்தில் தொளதொளக்கும். 5 அல்லது 7.5 சென்ரிமீற்றர் அகலமானதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, கால் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துத் தளர்த்த வேண்டும்.

கத்தரிக்கோல் கிரேப்பை வெட்டாது, மெல்லத்தான் செய்யும். பிளாஸ்டிக் சாவணம் கல்துகளைப் பிடிக்காமல் வழுக்கும். கூர்முனை உலோகச் சாவணம் ஒன்றை மாற்றி வையுங்கள். முக்கோணத் துணி மட்டும் பெட்டியின் உண்மையான நல்ல பொருள்: கை மணிக்கட்டில் வலி என்று பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தூளி கட்ட வேறெதுவும் அவ்வளவு வசதியாக இருக்காது. கூடவே வரும் சேஃப்டி பின்னையும் எறிய வேண்டாம், அதற்கு வேறொரு வேலை இருக்கிறது.

வோட்டர் பார்க்கில் நடக்கும் காயங்களில் முக்கால்வாசி சிராய்ப்புத்தான். ஈரத் தரையில் ஓடி விழுவது, ஆழமில்லாத குளத்தின் கரடுமுரடான அடித்தளத்தில் முழங்கால் உரசுவது, சறுக்குப் பாதையில் முழங்கை இழுபட்டுத் தோல் எரிவது. இதில் மருந்தைவிடக் கழுவுவதுதான் காரியம். குளத்துத் தண்ணீர் குளோரின் போட்டதுதானே என்று அதிலேயே அலசிவிடுகிறார்கள். ஆயிரம் பேர் இறங்கிய தண்ணீர் அது, காயம் கழுவ உதவாது. குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் 500 மில்லிலீற்றர் ஒன்றை எடுத்து, மூடியில் அந்தச் சேஃப்டி பின்னால் நாலைந்து துளை குத்தி, போத்தலைப் பிழிந்தால் சன்னமான, வேகமான பாய்ச்சல் வரும். காயத்துக்குள் ஒட்டிய மணலை அந்த வேகம்தான் வெளியே தள்ளும். சும்மா ஊற்றினால் மணல் இருந்த இடத்திலேயே இருக்கும். முழங்கால் அளவுக் காயத்துக்கு இரண்டு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சவர்க்காரம் போடலாம், காயத்துக்குள் வேண்டாம். அதற்குப் பிறகும் தெரியும் துகளைச் சாவணத்தால் எடுங்கள். எடுக்க முடியாமல் பதிந்த துகளை விட்டுவிட்டால் தோலுக்கடியில் நீலக்கறுப்புத் தழும்பாக நின்றுவிடும், ஆகவே அதை வைத்தியரிடம் காட்டுவதே சரி.

கழுவியபின் சுத்தமான கோஸால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பெட்டியில் பெட்டாடின் இருந்தால் ஒரு தரம் மெல்லிதாகத் தொட்டுவிடலாம், அயடின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். பரஃபின் கோஸ், அதன்மேல் சாதாரண கோஸ், ஓரங்களில் மைக்ரோபோர் டேப். தோல் ஈரமாக இருந்தால் டேப் ஒட்டவே ஒட்டாது. முதலில் துவாயால் நன்றாக உலர்த்த வேண்டும், சன்ஸ்கிரீன் பூசிய தோல் என்றால் சவர்க்காரத்தால் கழுவித் துடைக்கவும் வேண்டும். கட்டு நிற்கவில்லை என்று குறை சொல்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தப் படியைத்தான். பொட்டுப்போலச் சின்னக் கீறல் என்றால் நீர்புகாத ப்ளாஸ்டர் ஒட்டித் திரும்ப இறக்கலாம். ஈரம் கசியும் உள்ளங்கையளவு சிராய்ப்பு என்றால் அன்றைக்குத் தண்ணீர் விளையாட்டு முடிந்தது. பிள்ளை அழுதாலும் அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இரத்தம் ஓடினால் கோஸை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், போனில் நேரம் பார்த்து. நின்றதா என்று நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை, உறைந்துவந்தது மறுபடி பிய்ந்துவிடுகிறது. கோஸ் நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். ஈரத் தரையில் முகங்குப்புற விழும் பிள்ளைகளுக்கு நாடிக்குக் கீழே தோல் பிளப்பது வழக்கம். பிளவின் இரு ஓரமும் தானாகச் சேராமல் வாய்பிளந்து நின்றால் ப்ளாஸ்டரால் ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தையலோ தோல் பசையோ போட வேண்டியிருக்கும், அதை அன்றைக்கே செய்ய வேண்டும், அடுத்த நாளுக்குத் தள்ளக்கூடாது.

மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தி உச்சியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடியுங்கள். வாயால் மூச்சு, வாயில் வருவதைத் துப்ப வேண்டும்.

கசக்கிக் குளிர்விக்கும் கோல்ட் பக் சில பெட்டிகளில் ஒன்று இருக்கும். உள்ளே தண்ணீர்ப் பை, வெளியே உப்புத் துகள். உள்பையை உடைத்தால் துகள் கரைந்து சூட்டை உறிஞ்சுவதால் குளிர்கிறது. ஒரு தரம்தான் பாவிக்கலாம். ஏறக்குறைய கால் மணி நேரம் குளிர் நிற்கும். வெடித்துக் கசிந்ததைத் தொடவே வேண்டாம், அந்தக் கரைசல் தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது. நல்ல பொருள்தான், ஆனால் இதற்காகவே அதிக விலைப் பெட்டியை எடுக்கத் தேவையில்லை. கன்டீனில் ஓர் ஐஸ் பக்கெட் வாங்கி, நனைத்த லேன்சியில் சுற்றி, வீக்கத்தில் பத்து நிமிடம் வைத்தாலும் அதே பலன். ஐஸை வெறுந்தோலில் வைக்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தலையில் அடிபட்டால் பெட்டியில் உள்ள எதுவும் முக்கியமில்லை, கண்தான் முக்கியம். சிறிதுநேரமாவது நினைவு தப்பியது, ஒன்றுக்கு மேற்பட்ட தரம் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், வலிப்பு, நடை தடுமாற்றம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே வைத்தியசாலை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தலையில் அடிபட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். பிள்ளை நன்றாக விளையாடினாலும் அன்றைக்கு ரைட் எதிலும் ஏற்ற வேண்டாம். திரும்பும் வழியில் வேனில் தூங்கினால் இடையிடையே எழுப்பி, பெயர் சொல்லிப் பதில் வருகிறதா பாருங்கள்.

பல் விழுந்தால் நேரம்தான் எல்லாம். பால்பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் முன்பல் என்றால் அது நிரந்தரப் பல்லாக இருக்கும். வேர்ப்பகுதியைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒருதரம் மெதுவாக அலசி, பிள்ளை ஒத்துழைத்தால் குழிக்குள்ளேயே திரும்ப வைத்து, மடித்த லேன்சியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த வெறும்பால் பக்கெட் ஒன்றை வெட்டி அதற்குள் போடுங்கள். வனிலா, சொக்லட் சேர்த்த பால் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் பல்வைத்தியரிடம் போனால் பல் தப்ப நல்ல வாய்ப்புண்டு. கொழும்புக்குள் வந்துவிட்டால் வோர்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் ஹன்வெல்லவிலிருந்து ட்ரபிக்கில் வருவதைவிடப் பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

மதியவெயிலில் காய்ந்த கொங்கிரீட்டில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்துபோவதும், கன்டீனில் சுடுதேநீர் கொட்டுவதும் உண்டு. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். இருபது என்றால் இருபதுதான், இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடு தொடர்ந்து தோலை வேக வைக்கும். ஐஸ், பற்பசை, சித்தாலேப இவை எதுவும் வேண்டாம். சித்தாலேப தலைவலிக்கும் உளுக்குக்கும் வீட்டில் இருக்கட்டும். உரிந்த தோலுக்கும் கொப்புளத்துக்கும் அது இல்லை.

மருந்தென்று பார்த்தால் பையில் தேவைப்படுவது பரசிட்டமோல் ஒன்றுதான். இங்கே நடக்கும் தவறு போத்தல்களைக் குழப்பிக்கொள்வது. சாதாரண சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டுமருந்தில் ஒரே ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 16 கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிகிராம் என்றால் சிரப்பில் 10 மில்லிலீற்றர், சொட்டுமருந்தில் 2.4 மில்லிலீற்றர்தான். சொட்டுமருந்தைச் சிரப் என்று நினைத்து 10 மில்லிலீற்றர் கொடுத்தால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். லேபலைப் படித்து, கரண்டியை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வேளைகளுக்கிடையே குறைந்தது நாலு மணி நேரம், 24 மணி நேரத்துக்குள் நாலு வேளைக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் பையில் வைக்காதீர்கள். டெங்கு ஊரில் இருக்கும்போது, அடுத்த நாள் காய்ச்சல் வந்தால் அவை இரத்தக்கசிவுக்கு வழிசெய்யும்.

ஆக, எங்கள் பரிந்துரைப் பை இப்படி: 10 சென்ரிமீற்றர் கோஸ் ஆறு, பரஃபின் கோஸ் மூன்று, நீர்புகாத ப்ளாஸ்டர் பத்து, மைக்ரோபோர் டேப் ஒரு சுருள், 5 அல்லது 7.5 சென்ரிமீற்றர் கிரேப் ஒன்று, முக்கோணத் துணி, உலோகச் சாவணம், வெட்டக்கூடிய கத்தரிக்கோல், கையுறை இரண்டு சோடி, கண் கழுவச் சின்ன சேலைன் குப்பி, பரசிட்டமோலும் சிரிஞ்சும், சேஃப்டி பின் நாலு. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெட் இரண்டு போட்டால் வெயிலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் உதவும். பக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதியைப் பாதித் தண்ணீரில் என்று கண்மட்டத்தில் கலப்பது ஆபத்து. சிங்கப்பூர், துபாய் என்று விமானமேறினால் கத்தரிக்கோலும் சாவணமும் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் திரவங்கள் 100 மில்லிலீற்றருக்கு மிஞ்சக்கூடாது.

பையால் முடியாத இடத்தில் 1990 சுவசெரிய. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவச அம்புலன்ஸ், இப்போது நாடு முழுதும் ஓடுகிறது. இடத்தின் பெயரையும் எந்த வாசல் என்பதையும் சொல்ல ஆயத்தமாக இருங்கள், பார்க்கின் உத்தியோகத்தர் ஒருவரையும் வாசலில் நிற்கவையுங்கள். லெஷர் வேர்ல்டிலிருந்து அவிசாவளை, பேர்ள் பேயிலிருந்து பாணந்துறை அல்லது ஹொறணை அரச வைத்தியசாலைகள் பக்கம். அவசரம் தணிந்து, நிபுணர் பார்க்க வேண்டியதென்றால் பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. போகும்போது பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தின் போட்டோவைப் போனில் வைத்திருங்கள். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) இங்கே 2, 4, 6, 18 மாதங்களிலும் 5 வயதிலும் போடப்படுகிறது, அடுத்தது பாடசாலையில் ஏழாம் வகுப்பில். ஒழுங்காகப் போட்ட ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதாரண சிராய்ப்புக்காக இன்னொன்று தேவைப்படாது. பத்துப் பதினொரு வயதில், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிய பிள்ளைக்கு அழுக்கான ஆழக்காயம் என்றால் கட்டாயம் கேளுங்கள். நாயோ பூனையோ குரங்கோ கீறியிருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கீறல் சின்னது என்று விடவே கூடாது.

இன்னொன்று, அவிசாவளை வீதியால் திரும்பும்போது ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தோல் உரிந்த பிள்ளையை ஆற்றிலோ வயல் வாய்க்காலிலோ இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி உரிந்த தோலால் எளிதாக நுழைந்துவிடும். இறங்கிவிட்டால், அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் வைத்தியரிடம் ஆற்றுக்குளியலையும் காயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டை நாளுக்கொரு தரம் மாற்றும்போது சிவப்பு பரவுகிறதா, சீழ் வருகிறதா, வலி குறையாமல் கூடுகிறதா என்று பாருங்கள், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். பரஃபின் கோஸில் எத்தனை மிச்சம் என்று எண்ணி, குறைந்ததை அடுத்த நாளே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.